டேட்டிங்குக்கு தமிழ்ல என்ன வார்த்தை? வினைச்சொல்லைத் தேடாதீங்க, உருபைப் பாருங்க

கேள்வி இதுதான்: ஒரு இங்கிலீஷ் சீரிஸுக்கு தமிழ் சப்டைட்டில் எழுதுறாங்க, அதுல டேட்டிங், சீயிங், கோயிங் அவுட், எஸ்கார்ட்னு ஒருத்தரோட பழகுறதுக்கும் கூடப் போறதுக்கும் விதவிதமா சொல்லு வருது, எல்லா இடத்துலயும் காதல்னே போட்டா ஒட்ட மாட்டேங்குது, தமிழ்ல இதுக்கெல்லாம் வார்த்தையே கிடையாதா?

இருக்குங்க, தாராளமா இருக்கு. நான் பதினாலு வருஷமா டப்பிங்குக்கும் சப்டைட்டிலுக்கும் வசனம் எழுதுறவன், இந்த ஒரு விஷயத்துல நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல காதல் ஏன் ஒட்டலைன்னு பாருங்க. காதல்னு சொல்லிட்டா முடிவெடுத்தாச்சுன்னு அர்த்தம், மனசுல ஒரு ஆளு உக்காந்தாச்சு. டேட்டிங்ல அந்த முடிவு இன்னும் வரல, ரெண்டு பேரும் பாத்துப் பேசி ஒத்து வருமான்னு தெரிஞ்சுக்குற காலம் அது. மூணாவது தடவையா காபி குடிக்கப் போற ரெண்டு பேரை "காதலிக்கிறாங்க"ன்னு எழுதினா கதையில நாலு எபிசோட் தாண்டி வரவேண்டிய சங்கதியை நீங்க இப்பவே சொல்லிட்டீங்க, அப்புறம் அந்தப் பொண்ணு நிஜமாவே ஐ லவ் யூ சொல்ற சீன்ல உங்க கையில வார்த்தை மிச்சம் இருக்காது.

இங்கிலீஷ்லயே அந்த டேட்ங்கற சொல் எங்கேர்ந்து வந்துச்சு? நாள் குறிக்கிறதுலேர்ந்துதான். கீழடி செய்தியில கார்பன் டேட்டிங்னு வருதே, அதுவும் இதுவும் ஒரே வேர். 1896-ல சிகாகோ பேப்பர்ல ஜார்ஜ் ஏட்ங்கறவர் எழுதின பத்தியில ஒரு சாதாரண கிளார்க் பையன், தன்னைக் கழட்டிவிட்ட பொண்ணைப் பாத்து என் டேட்டையெல்லாம் இப்ப வேறொருத்தன் நிரப்புறானான்னு கேப்பான், ஆணும் பொண்ணும் சந்திக்கிற அர்த்தத்துல அந்தச் சொல்லுக்கு முதல் உதாரணமா பொதுவா அதைத்தான் காட்டுவாங்க. அதுக்கு முன்னாடி அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள்ல காலிங்னு ஒரு வழக்கம், பையன் பொண்ணு வீட்டுக்கு வருவான், முன்னறையில உக்காருவான், அம்மா பக்கத்துலயே இருப்பாங்க. டேட்னு பேரு மாறினப்போ சந்திக்கிற இடமும் வீட்டை விட்டு வெளிய வந்துருச்சு. அதாவது அந்தச் சொல்லு குறிச்சது உணர்ச்சியை இல்ல, குறிச்ச நேரத்தையும் குறிச்ச இடத்தையும்தான்.

இதைப் படிச்சப்போதான் எனக்கு நம்ம களவியல், அதாவது கல்யாணத்துக்கு முந்தின ரகசியக் காதலுக்கான இலக்கணம், ஞாபகம் வந்துச்சு. அகத்திணை இலக்கணத்துல தலைவனும் தலைவியும் கல்யாணத்துக்கு முன்னாடி சந்திக்கிறதுக்கு ஒரு சொல் இருக்கு, குறி. அவங்க சந்திக்கன்னு பேசி வச்ச இடம். பகல்ல பாத்தா பகற்குறி, ராத்திரி பாத்தா இரவுக்குறி. அதே நாள் குறிக்கிற, இடம் குறிக்கிற குறிதான், டேட்டும் குறியும் அர்த்தத்துல அண்ணன் தம்பி மாதிரி நிக்குது. தொல்காப்பியம் இந்த இடத்துக்கே விதி சொல்லுது, இரவுக்குறின்னா வீட்டுக்குள்ள போகாத வரைக்கும் வீட்டு ஆளுங்க பேச்சு காதுல விழுற தூரத்துல இருக்கணும், பகற்குறின்னா வீட்டு எல்லைக்கு வெளிய, ஆனா அவளுக்குத் தெரிஞ்ச, அவளா வந்து சேரக்கூடிய இடமா இருக்கணும். அந்த ரெண்டாவதை நான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப படிச்சிருக்கேன். பொண்ணுக்குத் தெரிஞ்ச இடமா இருக்கணும்னு இன்னைக்கு அக்காமாருங்க தங்கச்சிங்களுக்குச் சொல்ற அதே புத்தி அது.

அதுமட்டும் இல்ல, டேட் சொதப்பினாக்கூட பேரு வச்சிருக்காங்க, அல்லகுறி. வந்துட்டேன்னு காட்ட அவன் தண்ணியில எதையாவது போட்டு சத்தம் பண்ணுவான், இல்ல மரத்துல தூங்குற பறவையைக் கிளப்பிவிடுவான். ஆனா காத்துல தானா ஒரு காய் விழுந்தாலும் அதே சத்தம்தானே, அவ ஓடி வந்து பாக்குறா, யாரும் இல்ல, திரும்பிப் போயிடுறா, அப்புறம் அவன் நிஜமா வந்து கூப்பிடும்போது அவ வெளிய வரல. குறுந்தொகை 138-ல கொல்லன் அழிசியோட பாட்டு இருக்கு, முந்தின நாள் வராம போனவன் மறுநாள் ராத்திரி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறான், அவன் காதுல விழுற மாதிரி தோழி சொல்றா: ஊரே தூங்குச்சு, நாங்க தூங்கல, மயில் காலடி மாதிரி இலை இருக்குமே அந்த நொச்சி, அதோட நீலப்பூ கிளையிலேர்ந்து உதிர்ற சத்தத்தை நல்லா கேட்டுக்கிட்டே இருந்தோம். பூ உதிர்ற சத்தம்! அது கேக்குற அளவுக்கு எவ்வளவு கூர்மையா காதை வச்சுக் காத்திருந்தாங்கன்னு நெனச்சுப் பாருங்க. ஏன் வரலைன்னு அவ கேக்கவே இல்ல.

சரி, இந்தக் குறியை சப்டைட்டில்ல போட முடியுமா? முடியாது. இன்னைக்கு குறின்னா ஜோசியம், மிச்ச அர்த்தம் உங்களுக்கே தெரியும். நான் இதைச் சொன்னதுக்குக் காரணம், இந்தச் சங்கதி தமிழுக்குப் புதுசுன்னு யாரும் நெனச்சுடக் கூடாதுன்னுதான்.

இப்ப நடப்புத் தமிழுக்கு வரேன். ரொம்ப நாள் நான் வினைச்சொல்லைத்தான் தேடிட்டு இருந்தேன், டேட்டிங்குக்கு எந்த வினை, சீயிங்குக்கு எந்த வினைன்னு. ஒரு நாள் என் பழைய ஸ்கிரிப்ட்டை எல்லாம் எடுத்து வச்சுப் பாத்தப்போதான் புரிஞ்சுது, தமிழ்ல வித்தியாசம் வினையில இல்ல, அதுக்கு முன்னாடி பெயரோட ஒட்டி வர்ற உருபுல இருக்கு.

சுத்துறதுங்கற ஒரே வினையை எடுத்துக்கோங்க. "அவ பின்னாடி சுத்துறான்"னா ஒருதலை, அவளுக்கு அவனைத் தெரியுமோ என்னவோ, பல சமயம் அவளுக்கு அது தொல்லை. "அவளோட சுத்துறான்", "அவகூட சுத்துறான்"னா ரெண்டு பேரும் சேந்துதான் போறாங்க, வர்றாங்க, இது டேட்டிங். வினை மாறல, ஒரு சின்ன உருபு மாறினதுக்கு ஒன்னு தொல்லை, ஒன்னு இணக்கம்.

கேலிப் பேச்சுல புழங்குற சொல்லையெல்லாம் இதே மாதிரி வரிசையா நிறுத்திப் பாருங்க. அவளுக்கு ரூட் விடுறான், அவளுக்கு நூல் விடுறான், இதுல வர்றது கு. அவளை சைட் அடிக்கிறான், அவளை மடக்கிட்டான், அவளை கரெக்ட் பண்ணிட்டான், அவளை உஷார் பண்ணிட்டான், இதெல்லாம் ஐ. அவகிட்ட கடலை போடுறான், இங்க கிட்ட. அவகூட பழகுறான், அவளோட பேசிட்டு இருக்கான், இங்கதான் ஓட, கூட. பின்னாடியும் குவும் வந்தா இவன் பக்கத்து முயற்சி மட்டும்தான் தெரியுது, ஐ வந்தா அந்தப் பொண்ணு ஒரு பொருளா ஆயிடுறா, மீன் பிடிக்கிற மாதிரி ஆடு மடக்குற மாதிரி, ஓடவும் கூடவும் வந்தா மட்டும்தான் ரெண்டு பேருக்கும் அதுல பங்கு இருக்கு. எனக்கு இந்த மடக்கு, கரெக்ட் பண்ணு வகையறா சுத்தமா பிடிக்காது, வில்லத்தனமான கேரக்டர் பேசுற வசனமா இருந்தாலொழிய நான் எழுதுறதே இல்ல. காரணம் ஒழுக்கம் சொல்லணும்னு இல்ல, இங்கிலீஷ்ல அந்தப் பொண்ணும் சேர்ந்து முடிவெடுத்து வந்த டேட்டை தமிழ்ல அவளைப் பிடிச்சு இழுத்து வந்ததா மாத்துறது மொழிபெயர்ப்புத் தப்பு.

பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க, மூணாம் வேற்றுமை, ஆல் ஆன் ஒடு ஓடு, அதோட பொருள் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி. அந்த உடனிகழ்ச்சிதான் டேட்டிங்கோட இலக்கணம், ஒரு செயல் ரெண்டு பேருக்கும் சேந்தே நடக்குது. இதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, ஒரே வினையை ரெண்டு பேர் செய்யும்போது ஒடு உயர்ந்தவங்க பேரோடதான் ஒட்டும்னு தொல்காப்பியம் சொல்லும், அரசனொடு இளையர் வந்தார்னு உரையில எடுத்துக்காட்டு வரும். இன்னைக்கு ஊர்ப் பேச்சுல அது உயர்வுக்கான இடமா இல்ல, பழி போடுறதுக்கான இடமா ஆயிடுச்சு. "எதுத்த வீட்டுப் பையனோட அவ சுத்துறா"ன்னு சொன்னா பேச்சு பொண்ணு மேல, "அவளோட இவன் சுத்துறான்"னா பையன் மேல. யார் எழுவாயோ அவங்க மேலதான் பழி விழும். கதையில யாரும் யாரையும் குறை சொல்லாத சீனா இருந்தா "ரெண்டு பேரும்"னு ஆரம்பிச்சிருங்க, அதுல சாய்வு கிடையாது.

வினைகள்ல என் முதல் தேர்வு பழகு. கார் ஓட்டப் பழகுறான், புது வீட்டுக்கு நாய் இன்னும் பழகலன்னு சொல்றோமே, ஒன்னு மெதுவா தனக்கு ஆகி வர்றதுதான் பழகுறது, ஆகாமலும் போகலாம்ங்கற இடமும் அதுக்குள்ள இருக்கு. டேட்டிங்குக்கு வேண்டியது அதேதான். "ஆறு மாசமா பழகிட்டு இருக்கோம்"னு ஒருத்தர் சொன்னா கல்யாணமான்னு கேக்கலாம், இல்லைன்னும் பதில் வரலாம், யாரும் யாரையும் ஏமாத்தினதா ஆகாது. ஆனா இதுலயும் உருபைப் பாத்துதான் போடணும், "எல்லார்கிட்டயும் நல்லா பழகுவா"ன்னா அது குணத்துக்கு சர்டிபிகேட், "அவனோட பழகுறா"ன்னா அது செய்தி. இன்னொன்னு, முன்னாடி நெருங்கிங்கற சொல்லைச் சேத்துடாதீங்க, "நெருங்கிப் பழகி வந்தனர்"னு பேப்பர்ல வந்தாலே அடுத்த வரியில போலீஸ் ஸ்டேஷன் வரும், படிக்கிறவங்க காது அதுக்குத் தயாராயிடும். பழக்கம்னு பெயர்ச்சொல்லா ஆக்கினாலும் சில ஊர்ல சந்தேகத்தோட வாடை வந்துடும், வினையாவே வைங்க.

அடுத்து பேசு. இப்பல்லாம் காலேஜ் பசங்க டாக்கிங் ஸ்டேஜ்னு ஒன்னு சொல்றாங்களே, டேட்டிங்கும் இன்னும் ஆகல ஆனா தினமும் ராத்திரி மெசேஜ் போகுது, அதுக்கு நம்மகிட்ட ஏற்கனவே "பேசிட்டு இருக்காங்க" இருக்கு. முறிஞ்சு போனாலும் அதே வினைதான், "இப்ப அவங்க ரெண்டு பேரும் பேசுறதில்ல". ஆனா பெரியவங்க வாயில "பேசி முடிச்சாச்சு"ன்னு வந்தா ரெண்டு குடும்பமும் உக்காந்து கல்யாணத்தை முடிவு பண்ணியாச்சு, அங்க பேசினது வேற ஆளுங்க. இலங்கையில இதை இன்னும் தெளிவா பிரிச்சு வச்சிருக்காங்க, வீட்டுல பேசிச் செஞ்சா பேச்சுக் கல்யாணம், தாங்களா விரும்பிச் செஞ்சா விரும்பிக் கட்டினது. யாழ்ப்பாணப் பக்கத்துல பொடியன் ஒருத்தன் "அவளைச் சுழட்டுறான்"னு சொல்லுவாங்க, அங்கயும் பாருங்க ஐதான் வருது, நம்ம ஊர் கரெக்ட் பண்றான் இருக்குற அதே வரிசையில அது போய் நிக்குது.

பார்ங்கறதை மட்டும் தொடாதீங்க. ஆர் யூ சீயிங் எனிவன்ங்கற வரியை "யாரையாவது பாத்துட்டு இருக்கியா?"ன்னு எழுதினதை நான் பல சப்டைட்டில்ல பாத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் வருத்தமா இருக்கும், ஏன்னா நம்ம வீடுகள்ல பாக்குறதுன்னா பொண்ணு பாக்குறது, மாப்பிள்ளை பாக்குறது. படிக்கிறவங்க மனசுல ஜாதகமும் தாம்பாளமும் வந்துடும், கேட்டது அதுக்கு நேர் எதிரான விஷயம். "உன் லைஃப்ல யாராவது இருக்காங்களா?"ன்னு போடுங்க, இன்னும் சுருக்கணும்னா "யாராவது இருக்காங்களா?" போதும், நாம நேர்ல அப்படித்தான் கேக்குறோம்.

கோயிங் அவுட் அதைவிட ஆபத்து. "அவனோட சினிமாவுக்குப் போனா"ன்னா ஒரு சாயங்காலம். "அவனோட போயிட்டா"ன்னா முடிஞ்சுது, வீட்டை விட்டுப் போயாச்சு, ஊரே தேடுது. விட்டுங்கறது தேய்ஞ்சு நிக்கிற அந்த ட்டா ஒன்னே ஒன்னு ஒரு பொண்ணோட வாழ்க்கையையே மாத்திடுது. இது இன்னைக்கு வந்ததும் இல்ல, பழைய அகப்பாட்டுல தலைவி தலைவன்கூட ஊரை விட்டுப் போறதுக்கு உடன்போக்குன்னு பேரு, கூடப் போறது, அவ்வளவுதான் அதோட நேர் அர்த்தம். ரெண்டாயிரம் வருஷம் பக்கம் ஆகியும் கூடப் போறதுன்னா நமக்கு அதுவே அர்த்தமா இருக்கு பாருங்க. அதனால கோயிங் அவுட் வந்தா எங்க போறாங்கன்னு இடத்தைச் சேத்து எழுதுங்க, காபி சாப்பிட, பீச்சுக்கு, படத்துக்கு, இடம் வந்துட்டா ஓடிப்போற அர்த்தம் வராது.

ஒரு நாள் சந்திச்சதையே ஊரு எப்படிப் பேசும்ங்கறதுக்கும் நம்மகிட்ட அளவு வச்சிருக்காங்க. நாலு பேர் தங்களுக்குள்ள லேசா முணுமுணுத்தா அம்பல், ஊர் முழுக்க வெளிப்படையா பேசினா அலர், மொட்டுக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசம். குறள் 1146-ல அவ சொல்றா, பாத்தது ஒரே ஒரு நாள்தான், பேச்சு நிலாவைப் பாம்பு பிடிச்ச செய்தி மாதிரி பரவிடுச்சுன்னு. சீரிஸ்ல கிசுகிசு சீன் வந்தா "ஊரே பேசுது"ன்னு எழுதலாம், அலரோட சாரம் அதுல அப்படியே இருக்கு.

இப்ப எஸ்கார்ட். ஒருத்தரை ஒரு விருந்துக்கோ கல்யாணத்துக்கோ கூட அழைச்சிட்டுப் போறது, அதுல காதல் இருக்கலாம் இல்லாமலும் போகலாம். தமிழ்ல இதுக்குத் துணை. "துணைக்கு வர்றியா", "துணைக்கு யாரு போறா". ஆனா துணைங்கறது ஜோடி இல்ல, காவல். எங்க ஊர்ல அக்காவுக்கு லைப்ரரி போக அனுமதி கிடைச்சதே நான் துணைக்குப் போறதாலதான், அப்ப எனக்கு ஒன்பது வயசு. அக்கா கையில ரெண்டு புத்தகம், என் கையில ஒரு துணிப்பை. வாசல்ல செருப்பை விடும்போதே அக்கா எனக்கு எட்டணா குடுத்து எதுத்த கடையில கடலை மிட்டாய் வாங்கிக்கச் சொல்லும், நான் படியில உக்காந்து தின்னு முடிக்கிறதுக்குள்ள உள்ள பேப்பர் மேஜைப் பக்கத்துல அத்தான் வந்து உக்காந்திருப்பாங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பத்திரிகையை விரிச்சு வச்சுக்கிட்டு தலையை நிமித்தாமலே பேசுவாங்க. அது பகற்குறின்னு அப்ப எனக்கு எங்க தெரியும், வீட்டுக்கு வெளிய, அக்காவுக்குத் தெரிஞ்ச இடம், எல்லாம் சரியா இருந்துச்சு. வீட்டுல கேட்டா "தம்பி கூடத்தான் போனேன்"னு சொல்லும், பொய்யும் இல்ல. கூடப் போனது நான், பழகினது அத்தான்கூட. அதனால எஸ்கார்ட் வர்ற இடத்துல ரெண்டாப் பிரிச்சுக்கோங்க, பாதுகாப்புக்குன்னா துணைக்கு, பார்ட்டிக்கு ஜோடியான்னா "என்கூட வர்றியா". எஸ்கார்ட்னு அப்படியே தமிழ் எழுத்துல போட்டுடாதீங்க, இன்னைக்கு அந்தச் சொல்லுக்கு வேற வாடை வந்துடுச்சு.

விருந்துக்குக் கூப்பிட்டவங்க தன்னோட கூட்டிட்டு வர்ற ஆளை இங்கிலீஷ்ல பிளஸ் ஒன்னும்பாங்க, அதுக்கு நேர்ச்சொல் தேட வேண்டாம், நம்ம கல்யாணப் பத்திரிகையில "சுற்றமும் நட்பும் சூழ"ன்னுதான் அடிப்போம், ஒத்தை ஆளைக் கூட்டிட்டு வான்னு எண்ணிக் கூப்பிடுற வழக்கமே நம்மகிட்ட இல்ல. "கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்"னு விரிச்சே எழுதிடுங்க.

டேட்டிங்னே விடலாமான்னும் கேட்டிருந்தீங்க. சென்னை, கோயம்புத்தூர் ஐடி பசங்க பேசுற சீன்னா "டேட் பண்றோம்", "டேட் போறோம்" தாராளமா விடலாம், அவங்க அப்படித்தான் பேசுறாங்க, அதைத் தமிழாக்கினா அந்த கேரக்டரே பொய்யாயிடும். கமிட்டட், சிங்கிள், பிரேக்கப், எக்ஸ் எல்லாம் இப்ப தமிழ்தான். "என் ஆளு"ன்னா கொஞ்சம் உரிமையும் பாசமும் கலந்து வரும், பையனும் சொல்லலாம் பொண்ணும் சொல்லலாம், அதனாலயே எனக்குப் பிடிச்ச சொல். வச்சிருக்கான், தொடர்பு, சகவாசம் இந்த மூணையும் தொடாதீங்க, மூணுமே குற்றம் சாட்டுற சொல்லு.

கடைசியா நீங்க குறிப்பா கேட்ட அந்த சீன், பேத்தி ஒரு பையனோட வந்து நிக்கிறா, பாட்டி தனியா கூப்பிட்டு ஆர் யூ டூ டேட்டிங்னு கேக்குறாங்க. பாட்டி வாயில டேட்டிங் வேண்டாம், காதலும் வேண்டாம், அந்தப் பாட்டிக்குக் கோவமும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. "ரெண்டு பேரும் பழகுறீங்களாடி?"ன்னு வைங்க. பேத்தி பதிலுக்கு சார்ட் ஆஃப்னு இழுக்குறா இல்ல, அங்க "பேசிட்டு இருக்கோம் பாட்டி".